பட்ஜெட் அலுவலகத்தின் ‘ஸ்கோர்’: நிதி விளைவு மதிப்பீடு

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பற்றிய செய்திகளில் “சி.பி.ஓ. ஸ்கோர் வந்துவிட்டது”, “ஸ்கோர் வருமுன்பே வாக்கெடுப்பு” என்ற தொடர்கள் அடிக்கடி தென்படும். சி.பி.ஓ. என்பது காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் ஆங்கிலச் சுருக்கம். இதை ‘மதிப்பெண்’ என்று தமிழாக்கினால் பொருளே கெட்டுவிடும். மசோதாவை யாரோ தேர்வுத்தாள் போலத் திருத்தி, நல்லது கெட்டது சொல்லியிருக்கிறார்கள் என்றே படிப்பவர் நினைப்பார். அப்படிச் சொல்லக் கூடாது என்பதுதான் அந்த அலுவலகத்தின் முதல் விதி.

ஒரு மசோதா சட்டமானால், இப்போதுள்ள சட்டப்படி நடக்கவிருக்கும் அரசின் வரவு செலவில் எவ்வளவு மாற்றம் வரும் என்று ஆண்டுவாரியாகக் கணித்துச் சொல்வதே ஸ்கோர். பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குக் கணிப்பார்கள்.

சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. அங்கே ‘ஸ்கோர்’ என்றால் மரத்தில் வெட்டும் கீறல், எண்ணுவதற்கான அடையாளம். இருபது இருபதாக எண்ணிக் கீறியதால் ஆங்கிலத்தில் அது 20 என்ற எண்ணையும் குறித்தது. பால்காரர் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார்களே, அதே வேலைதான். இங்கிலாந்தின் கருவூலமும் நூற்றாண்டுக் கணக்கில் கீறல் போட்ட குச்சிகளில்தான் வரவு வைத்தது. வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று உலையில் போட்டு எரித்தபோது லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது. விளையாட்டு ஸ்கோர் இந்தக் கீறலிலிருந்து வந்த ஒரு கிளை, பட்ஜெட் ஸ்கோர் இன்னொரு கிளை. காங்கிரஸ் தன் முடிவுகளின் செலவைத் தொடர்ந்து குறித்துவரும் கணக்குக்கு ‘ஸ்கோர்கீப்பிங்’ என்று பெயர்.

இந்த வேலையைச் செய்யும் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் நிக்சன் செலவழிக்காமல் நிறுத்திவைத்ததால் எழுந்த மோதலே அந்தச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதுவரை எண்களுக்கு அதிபர் தரப்பின் பட்ஜெட் அலுவலகத்தையே காங்கிரஸ் நம்பியிருந்தது. 1975 பிப்ரவரியில் ஆலிஸ் ரிவ்லின் முதல் இயக்குநரானார். கொள்கைப் பரிந்துரை எதுவும் செய்வதில்லை என்ற நடைமுறை அவர் காலத்திலேயே வேரூன்றியது. இது வெறும் பேச்சல்ல. 1994-இல் காங்கிரஸின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. அப்போதும், அதே கட்சியின் அதிபர் கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மக்கள் கட்டாயமாகக் கட்டும் பிரீமியத்தை அரசுக் கணக்கிலேயே காட்ட வேண்டும் என்றது அலுவலகம். அரசின் வரவு செலவை அது பெரிதாக்கிக் காட்டும் என்பதால் ஆளுங்கட்சிக்கு அது பெரிய அடி.

நிலைக்குழு நிறைவேற்றி அனுப்பும் மசோதா ஒவ்வொன்றுக்கும், ஒதுக்கீட்டு மசோதாக்கள் நீங்கலாக, இந்த மதிப்பீடு வேண்டும் என்கிறது சட்டம். வரி மாற்றங்களை மட்டும் 1926 முதல் இயங்கும் காங்கிரஸின் கூட்டு வரிக்குழுவின் ஊழியர்கள் கணிக்கிறார்கள்.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, மசோதாவின் வினைச்சொல்லை. “வழங்கப்படும்” என்றிருந்தால் அது கட்டாயச் செலவு. சட்டம் வந்ததுமே பணம் போகும். “வழங்க நிதி ஒதுக்கலாம்” என்றிருந்தால், பின்னொரு ஒதுக்கீட்டுச் சட்டம் வராமல் ஒரு டாலரும் நகராது. இரண்டும் மதிப்பீட்டில் தனித்தனியாக நிற்க வேண்டும். இந்த இடத்தில் சறுக்கினால் பின்னால் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

ஒரு கற்பனை மசோதாவை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 500 டாலர் உதவித்தொகை. பெருக்கினால் 50 கோடி. ஆனால் தகுதியுள்ள எல்லோரும் விண்ணப்பிப்பதில்லை. 60 சதவீதம் பேர் வருவார்கள் என்று பழைய திட்டங்களின் தரவு காட்டினால் 30 கோடி. இதே ஆட்களில் 4 லட்சம் பேர் ஏற்கெனவே ஒரு திட்டத்தில் 300 டாலர் பெறுகிறார்கள், புதியது வந்தால் அது நின்றுவிடும் என்றால், அந்த 12 கோடியைக் கழிக்க வேண்டும். ஸ்கோர் 18 கோடி. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. சட்டம் ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தால் முதலாண்டில் அதிகபட்சம் 9 கோடி. விதிமுறை எழுதவும் விண்ணப்பம் வாங்கவும் ஆகும் காலத்தைச் சேர்த்தால் இன்னும் குறையும். கழிக்க வேண்டிய 12 கோடியை மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அந்தக் கழித்தலுக்கு ஆதாரமானது ‘பேஸ்லைன்’, அதாவது அடிப்படைக் கணிப்பு: சட்டம் எதுவும் மாறாவிட்டால் வரவும் செலவும் எப்படிப் போகும் என்ற 10 ஆண்டுக் கணக்கு. இதை மாற்றினால் ஸ்கோர் தலைகீழாகும் என்பதை 2025-இல் எல்லோரும் பார்த்தார்கள். 2017-இல் கொண்டுவந்த வருமான வரிச் சலுகைகள் பல 2025 இறுதியில் காலாவதியாக வேண்டியவை. அவற்றை நீட்டிக்கும் மசோதாவின் செனட் (காங்கிரஸின் மேலவை) வடிவம், நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டால், 10 ஆண்டில் பற்றாக்குறையை ஏறத்தாழ 3.3 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்றது மதிப்பீடு. சலுகைகள் எப்படியும் தொடரும் என்று வைத்துக்கொண்ட செனட்டின் பேஸ்லைனோடு ஒப்பிட்டபோது, அதே மசோதா பற்றாக்குறையை ஏறத்தாழ 50,000 கோடி டாலர் குறைப்பதாகத் தெரிந்தது. மசோதாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எதனோடு ஒப்பிட்ட எண் என்று எழுதாத செய்தி வாசகரை ஏமாற்றுகிறது என்றே சொல்வேன்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மதிப்பீடு’ நம் நிதித்துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல். வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்த மதிப்பீடு என்கிறோம். ஆனால் அவை மொத்தத் தொகையைச் சொல்பவை. ஸ்கோர் வித்தியாசத்தைச் சொல்வது. ‘செலவு மதிப்பீடு’ என்றால் வரி வருவாய் மாற்றம் விடுபடும். ஆகவே ‘நிதி விளைவு மதிப்பீடு’ பொருந்தும். ‘டைனமிக் ஸ்கோரிங்’ என்பதை ‘பொருளாதார விளைவையும் சேர்த்த மதிப்பீடு’ என்று விரித்தே எழுதலாம். வழக்கமான மதிப்பீட்டிலும் மக்கள் நடத்தை மாறுவது கணக்கில் வரும். நாட்டின் மொத்த உற்பத்தி மாறுவது மட்டும் வராது.

இந்திய மக்களவை விதிகளின்படி செலவு வைக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்பு ஒன்று இணைக்கப்பட வேண்டும். அரசு மசோதாவுக்கு அதைத் தயாரிப்பது மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சகமே என்பதால் இந்தச் சொல்லை அதற்குச் சூட்டக் கூடாது. இலங்கையில் 2023-இல் பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அலுவலகத்துக்கெனச் சட்டம் வந்திருப்பதால், இச்சொல்லுக்கு அங்கே இனி நேரடித் தேவை உண்டு.

அட்டவணையை மொழிபெயர்ப்பவர்கள் குறிகளைக் கவனிக்க வேண்டும். பற்றாக்குறை வரிசையில் கழித்தல் குறி இருந்தால் பற்றாக்குறை குறைகிறது, குறி இல்லாவிட்டால் கூடுகிறது. வருவாய் வரிசையில் கழித்தல் என்றால் அரசுக்கு இழப்பு. சிறிய மசோதாக்களின் எண்கள் மில்லியனில் இருக்கும். 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பூஜ்யம் அல்ல. மில்லியனில் உள்ள அட்டவணையில் அதற்கு 5 லட்சம் டாலருக்கும் குறைவான தொகை என்று பொருள்.