எமல்ஷனை அப்படியே, துகள் அளவு காணும் டி.எல்.எஸ். (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்) மெஷினில் வைக்கலாமா?

வைக்கலாம். எண்ணும் வரும். அது துகளின் அளவுதானா என்பது வேறு கேள்வி.

பெயின்ட்டுக்கான அக்ரிலிக் எமல்ஷனில் பாதிக்குப் பாதி பாலிமர் துகள்கள். டி.எல்.எஸ். கருவி அவற்றை நேரடியாக அளப்பதில்லை. நீரில் அலையும் துகள்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளி எவ்வளவு வேகமாக மினுங்குகிறது என்று பார்க்கிறது. வேகமாக மினுங்கினால் சின்னத் துகள் என்று கணக்குப் போடுகிறது. ஒளி ஒரே ஒரு துகளில் பட்டு வெளியே வந்துவிட்டது என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை.

ஆனால் எமல்ஷன் வெள்ளையாகத் தெரிவதே ஒளி உள்ளே பல துகள்களில் மாறி மாறி மோதுவதால்தான். ஒவ்வொரு மோதலும் மினுங்கலை வேகப்படுத்தும். அளவு குறைவாகக் காட்டும். இன்னொரு பக்கம், திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர்போல் துகள்கள் நகர முடியாமல் மந்தமானால் எண் பெருகும். இரண்டும் ஈடுகட்டி எதேச்சையாக நம்பும்படியான எண் வந்துவிட்டால் அதுதான் எனக்குப் பயம். 173 டிகிரியில் பின்சிதறலை, அதாவது வந்த பக்கமே திரும்பும் ஒளியை, அளக்கும் கருவி முதல் சிக்கலைத்தான் குறைக்கும், இரண்டாவதை அல்ல.

சிலர் ப்ரூக்ஃபீல்ட் விஸ்காமீட்டரில் எடுத்த எமல்ஷனின் பாகுநிலையை, உதாரணத்துக்கு 500 சென்டிபாய்ஸை, சாஃப்ட்வேரில் போட்டுவிடுகிறார்கள். போட வேண்டியது துகள்களைச் சுற்றியுள்ள நீரின் பாகுநிலை. 25 டிகிரியில் நீருக்கு 0.89தான். அப்படிப் போட்டால் 150 நானோமீட்டர் துகள் 0.27 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஒரு நீர் மூலக்கூறு!

சரி, நீர்க்கவைப்போம். வெறும் காய்ச்சி வடித்த நீர் வேண்டாம். அயனிகள் குறைந்தால் துகளைச் சுற்றியுள்ள மின்னடுக்கு விரிந்து, அளவு சற்றுப் பெரிதாகத் தெரியும். கருவியைச் சரிபார்க்கும் பாலிஸ்டைரீன் தரமாதிரிகளுக்கு 10 மில்லிமோலார் உப்புநீர் வழக்கம்; லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம். உங்கள் எமல்ஷன் உப்புக்குத் திரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீரை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். நானோ அளவில் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்பதால், பத்து மடங்கு பெரிய தூசியோ திரளோ ஒன்று இருந்தாலே பத்து லட்சம் துகள்களின் ஒளியைத் தந்துவிடும்.

அப்புறம் பாதி பாதியாக நீர்க்கவைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். வெள்ளை மறைந்து லேசான நீலம் தட்டும் கட்டத்தில் எண் பெரும்பாலும் நிலைக்கத் தொடங்கும். அடுத்த நீர்த்தலிலும் மாறவில்லையென்றால் அதை எழுதலாம்.

நீர்க்கவைக்கவே முடியாத சாம்பிளென்றால் வேறு வழி உண்டு. 1980களின் பிற்பகுதியில் உருவான டி.டபிள்யூ.எஸ். (டிஃப்யூசிங் வேவ் ஸ்பெக்ட்ராஸ்கோபி) முறை, ஒளி பலமுறை மோதுவதையே அளவீடாக்குகிறது. துகள் நெருக்கத்துக்கான திருத்தம் அங்கும் தேவை.

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்தால் செறிவு, நீர்க்கவைக்கப் பயன்படுத்திய திரவம், வெப்பநிலை மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முந்தைய பேட்ச்சின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.