புராஸ்பெக்ட்: நட்சத்திரமா, நாற்றா?

அமெரிக்க பேஸ்பால் செய்திகளைப் படிப்பவர்கள் இந்தச் சொல்லைத் தாண்டாமல் ஒரு பக்கம்கூடப் போக முடியாது. பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் இன்னும் நிலைபெறாத, ஆனால் ஒருநாள் நிலைபெறுவார் என்று ஓர் அணி நம்பிக் காத்திருக்கிற இளைஞரைப் புராஸ்பெக்ட் என்கிறார்கள். ரூக்கி என்பது வேறு. அவர் மேலே வந்துவிட்ட புதுமுகம். 130 முறைக்கு மேல் அதிகாரபூர்வமாக மட்டை பிடித்துவிட்டாலோ, 50 இன்னிங்ஸுக்கு மேல் பந்தெறிந்துவிட்டாலோ அந்தத் தகுதியும் முடிந்துவிடும். புராஸ்பெக்ட்டுக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடையாது. அவரை அப்படி அழைப்பதே ஒரு கணிப்புத்தான்.

தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் இத்தகைய இளம் வீரர்களுக்கு ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்ற தொடர் நெடுங்காலமாகப் புழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பேஸ்பாலுக்கு அது பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு முன் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் ‘புரோ’ என்றால் முன்னே, ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்து முன்னோக்கிப் பார்த்தல் ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கண்முன் விரியும் காட்சியைக் குறித்தது. பின்னர் மனம் முன்கூட்டிக் காண்பதையும், அதாவது எதிர்பார்ப்பையும் குறிக்கத் தொடங்கியது. கல்லூரிச் சேர்க்கைக்காக நாம் வாங்கும் புராஸ்பெக்டஸ் இதன் உடன்பிறப்பு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தங்கம் தேடிப் போனவர்கள், மண்ணுக்கடியில் உலோகம் இருக்கலாம் என்று தோன்றிய இடத்தையும் இதே சொல்லால் அழைத்தார்கள். பேஸ்பாலில் ஒலிக்கும் பொருளுக்கு மிக அருகில் இருப்பது இந்தச் சுரங்கக்காரர்களின் வழக்கு. தோண்டிப் பார்க்கும்வரை உறுதி இல்லை, ஆனால் தோண்டத் தகுந்த இடம்.

இதே துறையின் இன்னொரு சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மேஜர் லீக்குக்குக் கீழே இளைஞர்கள் ஆடிப் பழகும் சிறு லீக்குகளின் அமைப்புக்கு ஃபார்ம் சிஸ்டம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே பெரிய அணிகள், உடனடியாகத் தேவைப்படாத வீரர்களைச் சிறிய அணிகளிடம் விட்டுவைத்தன. அந்தச் செயலைக் குறித்த வினையில் இருந்த ‘ஃபார்ம்’ வயலை அல்ல, குத்தகையைக் குறித்தது. அச்சொல்லின் மூலப்பொருளே நிலையான குத்தகைத் தொகைதான். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, சிறிய அணிகளையே விலைக்கு வாங்கிச் சொந்தமாக வீரர்களை வளர்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் விளைச்சல் நிலம் என்ற பொருள் மேலோங்கியது. 2021 முதல் மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் தலா நான்கு முழுப்பருவக் கிளை அணிகள் உண்டு. ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற நான்கு படிகள்.

இந்தப் படிகளில் ஏறும் இளைஞரை ஸ்கவுட்டுகள் எனப்படும் திறன் தேடுநர்கள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். பந்தை அடிப்பது, வலுவாக அடிப்பது, ஓட்டம், களத்தடுப்பு, எறிதல் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. மேஜர் லீக் சராசரி வீரர் 50. இதில் என்னைக் கவர்ந்த நுட்பம், ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் எழுதும் வழக்கம். முதலாவது இன்றைய நிலை, இரண்டாவது முதிர்ந்தபின் எட்டக்கூடிய நிலை. 18 வயதுப் பையனின் அடிக்கும் திறனுக்கு 30, 60 என்று எழுதியிருந்தால், அந்த இடைவெளிதான் புராஸ்பெக்ட். எதிர்கால எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘இவனை ஏன் இன்னும் மேலே கொண்டுவரவில்லை’ என்று கேட்பது, பேஸ்பால் ரசிகர்கள் ஆண்டுதோறும் தவறாமல் செய்யும் பிழை.

அப்படியானால் தயாராகிவிட்டதை எப்படி அறிவது? சிறு லீக்கில் எடுத்த பேட்டிங் சராசரி, அதாவது முயற்சிகளில் தளம் சேர்த்த அடிகளின் விகிதம், போதாதா? போதாது. அந்த எண் எங்கே, யாருக்கு எதிராக, எந்த வயதில் வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். டிரிபிள்-ஏயின் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்பகர்க்கி, ரீனோ போன்ற உயரமான ஊர்கள் உள்ளன. காற்றின் அடர்த்தி குறைந்த அந்த மைதானங்களில் பந்து தொலைவாகப் பறக்கும், வளைபந்தின் வளைவும் மழுங்கும். அங்கே குவித்த, வேலி தாண்டிய அடிகளான ஹோம் ரன்களைக் கண்டு மயங்கி மேலே அழைத்தால் ஏமாற்றம் வரலாம். டிரிபிள்-ஏயில் கொடிகட்டிப் பறந்து, மேஜர் லீக்கில் மீண்டும் மீண்டும் தடுமாறும் வீரரை ‘நாலு ஏ ஆட்டக்காரர்’ என்றே அழைக்கிறார்கள். இல்லாத ஒரு படியை அவருக்காகவே கற்பித்த பெயர் அது.

மட்டையாளரிடம் நான் முதலில் தேடுவது எதை அடிக்காமல் விடுகிறார் என்பதை. மணிக்கு 95 மைல் வேகப் பந்து, எறிபவரின் கையை விட்டு மட்டையாளர் முன்னுள்ள தட்டை அடைய ஏறத்தாழ 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் அது அடிக்கத்தக்க பந்துக்கு வகுத்த ஸ்ட்ரைக் எல்லைக்குள் வருமா, கடைசிக் கணத்தில் வெளியே நழுவுமா என்று முடிவெடுத்தாக வேண்டும். கீழ்ப்படிகளில் பந்தெறிபவர்களுக்கு வளைபந்தை நினைத்த இடத்தில் போடத் தெரியாது. அதனால் வேகப்பந்துக்காகக் காத்திருந்தே ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். டபுள்-ஏயில் அது நடக்காது. எல்லைக்கு வெளியே பந்துகள் போய்க் கணக்கு தமக்குப் பாதகமாக இருக்கும்போதும் துணிந்து வளைபந்தை எறிபவர்கள் அங்கே இருக்கிறார்கள். கூடைப்பந்து மேதை மைக்கேல் ஜோர்டன் 1994இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக இந்த நிலையில்தான் ஆடினார். தொடக்கத்தில் தொடர்ச்சியாக 13 ஆட்டங்களில் தளம் சேர்த்த அடி அடித்தார். பிறகு வளைபந்துகள் வந்தன. பருவம் முடிந்தபோது சராசரி 0.202, மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்த ஸ்ட்ரைக் அவுட் 114. அந்த உடலும் உழைப்பும் எவருக்கும் வாய்க்காதவை. சுழன்று வரும் பந்தைப் படிக்கும் கண் மட்டும் சிறுவயதிலிருந்து பழகினால்தான் வாய்க்கும். 2008இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு இந்திய ஈட்டி எறி வீரர்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அவர்களிடம் இருந்ததும் கையின் வலிமை என்ற ஒரு திறன்தான். அதை வைத்து ரிங்கு சிங் ஏ நிலைவரை ஏறினார் என்பதே பெரிய செய்தி.

எல்லாக் கீழ்ப்படிகளையும் வென்ற பிறகும் கடைசித் தாவல் மிச்சமிருக்கிறது. அணிகள் முறைவைத்து இளைஞர்களை எடுக்கும் 2022 வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஜாக்சன் ஹாலிடே. நாட்டின் முதன்மைப் புராஸ்பெக்ட் என்று கொண்டாடப்பட்ட அவரை, பால்டிமோர் ஓரியோல்ஸ் 2024 ஏப்ரலில் 20 வயதில் மேலே அழைத்தது. பத்து ஆட்டங்களில் 34 முயற்சிகளுக்கு 2 அடிகள், 18 ஸ்ட்ரைக் அவுட். அந்த மாத இறுதிக்குள் டிரிபிள்-ஏக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31இல் மீண்டும் வந்த அன்றே, மூன்று தளங்களிலும் தம் அணியினர் நின்றிருக்கையில் ஹோம் ரன் அடித்தார். மைக் டிரவுட்டின் கதையும் இதே தடத்தில் போனது. 2011இல் 19 வயதில் அறிமுகமாகி, அந்த ஆண்டு 40 ஆட்டங்களில் எடுத்த சராசரி 0.220. மறு ஆண்டு 0.326, 30 ஹோம் ரன், பந்தெறியும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்த தளத்திருட்டு 49, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகமாக ஒருமனதான தேர்வு.

பிற்காலத்தில் பேஸ்பால் மேதையாகப் போற்றப்பட்ட வில்லி மேஸ் 1951இல் மினியாபொலிஸ் என்ற சிறு லீக் அணியில் 35 ஆட்டங்களில் 0.477 எடுத்துக்கொண்டிருந்தபோது நியூயார்க் ஜயன்ட்ஸ் அழைத்தது. தன்னால் அங்கே அடிக்க முடியாது என்று அவரே தயங்கினார். முதல் 26 முயற்சிகளில் ஒரே ஓர் அடி, அது புகழ்பெற்ற பந்தெறிபவர் வாரன் ஸ்பானின் பந்தில் ஹோம் ரன். மேலாளர் லியோ டுரோச்சர் அவரைக் கீழே அனுப்பவில்லை. மற்றொரு பிரிவான நேஷனல் லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் மேஸ்தான். ஹாலிடேயைத் திருப்பி அனுப்பியதும் சரி, மேஸை வைத்துக்கொண்டதும் சரி என்றே நான் கருதுகிறேன். ஹாலிடே தம் முயற்சிகளில் பாதிக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அவருக்கு மட்டை வீச்சைச் சீர்செய்ய அமைதியான இடம் தேவைப்பட்டது. மேஸுக்குத் தேவைப்பட்டது தைரியம். ஒரே மாதிரியான எண்களுக்குப் பின்னால் வேறுவேறு காரணங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர்.

பந்தெறிபவர்கள் விரைவாகவே பழுத்துவிடக்கூடும். வேகமும் கட்டுப்பாடும் நம்பத்தகுந்த மூன்று வகைப் பந்துகளும் இருந்தால், சிறு லீக்கில் கற்க அதிகம் இல்லை. 2023 தேர்வில் முதலாமவரான பால் ஸ்கீன்ஸ், 2024இல் டிரிபிள்-ஏயில் ஏழு ஆட்டங்களைத் தொடங்கிவிட்டு மே 11இல் பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ரன் மட்டுமே கொடுத்த விகிதத்துடன் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார்.

தயார் என்ற தீர்ப்பில் பணமும் கலந்திருக்கிறது. மேஜர் லீக்கில் 172 நாள் பணி ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும். அப்படி ஆறு ஆண்டுகள் முடிந்தால்தான் வீரர் தாமே அணியைத் தேர்ந்துகொள்ள முடியும். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்டை, களத்தடுப்பு மெருகேற வேண்டும் என்று சொல்லி சிகாகோ கப்ஸ் கீழே வைத்தது. ஏப்ரல் 17இல் அழைத்தது. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அவர் தொடுத்த முறையீடு 2020இல் தள்ளுபடியானது. மேஜர் லீக்கும் வீரர் சங்கமும் 2022இல் செய்த ஒப்பந்தம், சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறும் உரிய தகுதியுள்ள புராஸ்பெக்ட்டுக்கு முழு ஆண்டுப் பணி தர வழிசெய்தது. மே மாதம் வந்த ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் முழு ஆண்டு கிடைத்தது. ஓர் இளைஞரின் உழைப்புக்கு உரிய பயனை, அவர் இன்னும் தயாரில்லை என்று சொல்லித் தள்ளிவைப்பது அநீதி. அந்த விதி இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். ‘நம்பிக்கை நட்சத்திரம்’ வந்து சேர்ந்துவிட்டவரைச் சொல்கிறது. ‘வருங்கால வீரர்’ பொருளில் பிழையற்றது, ஆனால் படிப்படியான வளர்ப்பைக் காட்டவில்லை. ‘வாய்ப்பாளர்’ என்றால் வேலைக்கு விண்ணப்பித்தவர்போல ஒலிக்கிறது.

நான் பரிந்துரைப்பது ‘நாற்று வீரர்’. பழந்தமிழில் நாறுதல் என்பதற்கு முளைத்தல், தோன்றுதல் என்ற பொருள்களும் உண்டு. அதிலிருந்து வந்ததே நாற்று. நாற்று என்றாலே அது நாற்றங்காலில் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை, பறித்து வேறு வயலில் நடப்படவேண்டியது என்பது தமிழருக்கு விளக்காமலே விளங்கும். ஃபார்ம் சிஸ்டத்துக்கு நாற்றங்கால் என்ற பெயரும் தானே அமைகிறது. பறிக்கும் நாள் எல்லா நெல்லுக்கும் ஒன்றல்ல. குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள், நீண்ட கால ரகத்துக்கு 35 முதல் 40 நாள். முந்திப் பறித்த இளநாற்று ஆழ்ந்த தண்ணீரில் அழுகும். முற்றவிட்ட நாற்று சரியாகத் தூர் கட்டாது. ஸ்கீன்ஸ் குறுகிய கால ரகம் என்றால் பேஸ்பால் தெரியாத உழவருக்கும் புரிந்துவிடும்.

தயார்நிலைக்குப் ‘பக்குவம்’ என்ற சொல்லே போதும். ‘தகுதி’ என்று எழுத வேண்டாம், அது திறனோடு குழம்பும். 2024 ஏப்ரலில் ஹாலிடேயிடம் தகுதி இருந்தது, பக்குவம் வரவில்லை. மேலே அழைப்பதை ‘மேலழைப்பு’ என்றும், திருப்பி அனுப்புவதைக் ‘கீழனுப்பு’ என்றும் சொல்லலாம். “பக்குவம் கண்டு நாற்று வீரருக்கு மேலழைப்பு விடுத்தது பிட்ஸ்பர்க்” என்று ஒரு தலைப்பு வந்தால், பேஸ்பாலே பார்த்திராதவரும் நின்று படிப்பார்.