சித்திரை பிறந்ததென்று ரயரைக் கழற்றாதீர்கள்

கடந்த வியாழக்கிழமை காலை ரொறன்ரோவில் என் கராஜைத் திறப்பதற்கு முன்பே வாசலில் இரண்டு இழுவை வண்டிகள் காத்து நின்றன. மதியத்துக்குள் நான்காவது காரும் வந்து சேர்ந்தது. நான்கிலும் ஒரே காயம்: முன்பக்க ரிம் நசுங்கி, உள்ளே சக்கரத்தைத் திருப்பும் கம்பியான ரை ரொட் வளைந்திருந்தது. வழுக்கிப்போய்ச் சாலையோரக் கட்டில் மோதிய வண்டியை எங்கள் தொழிலில் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். நான்கிலும் குளிர்கால ரயர் இல்லை. அவற்றில் மூன்றுக்கு அதைக் கழற்றிக் கொடுத்தவன் நான்தான்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் வெப்பநிலை 17 பாகைக்கு ஏறியது. அன்று பிற்பகலிலிருந்தே தொலைபேசி ஓயவில்லை. ‘இன்னும் சில வாரம் பொறுங்கள்’ என்று எல்லோரிடமும் சொன்னேன். சொன்னேனே தவிர, எவரையும் திருப்பி அனுப்பவில்லை. 80 டொலர் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். அந்த உறுத்தலும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ரொறன்ரோவில் சித்திரைப் பனி பணப்பையைத் துளைக்கிறது. 2018இல் தென் ஒன்ராறியோவை உறைமழையும் பனிக்கட்டி மழையும் புரட்டி எடுத்தது சரியாகப் புத்தாண்டு நாளில், ஏப்ரல் 14இல். பட்டு வேட்டியுடன் கோவிலுக்குப் புறப்பட்டவர்கள் பலருக்கு அது மறந்திருக்காது. 2020இல் மே இரண்டாம் வாரத்தில், அன்னையர் தினத்தை ஒட்டிப் பனி தூவியது. இங்கே தோட்டம் போடுபவர்கள் மே மாதம் விக்டோரியா தினம் வரும்வரை தக்காளிக் கன்றை வெளியில் நட மாட்டார்கள். கன்றுக்குக் காட்டும் பொறுமையைக் காருக்கும் காட்டலாம்.

இந்த முறையும் அப்படித்தான். புதன் மதியம் 16 பாகை, மழை. மாலையில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. நள்ளிரவில் மைனஸ் 3. நனைந்த சாலை நனைந்தபடியே உறைந்துபோனது. உப்புத் தூவினாலும் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் வாக்கியத்துக்கு வருகிறேன்: “அண்ணை, இது ஃபோர் வீல் டிரைவ், ஒன்றும் ஆகாது.”

தம்பி, ஆகும். இயந்திரத்தின் வலுவை நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. வண்டி கிளம்ப உதவும், மேடேற உதவும். நிறுத்துவது பிரேக்கின் வேலை. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. என்னுடைய பழைய கொரோலாவிலும் நான்குதான். அந்தப் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரையைப் பிடிப்பது ரயர். நான்கு ரயரும் வழுக்கினால், நீங்கள் 60 ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிய வண்டி ஒரு சறுக்குப் பலகை. கனமான வண்டி தரையைப் பற்றிக்கொள்ளும் என்பதும் கதைதான். அந்தக் கனத்தையும் சேர்த்துத்தானே நிறுத்த வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரணக் கார் சந்தியில் புறப்படும்போதே சக்கரம் சுழன்று வழுக்கும். ஓட்டுபவருக்கு ஒரு பயம் வரும், மெதுவாகப் போவார். ஃபோர் வீல் டிரைவ் அந்தப் பயத்தை வர விடுவதில்லை. 401 நெடுஞ்சாலையில் வழக்கம்போல் ஓடி, வெளியேறும் வளைவில்தான் முதன்முதலாகப் பிரேக்கை மிதிக்கிறார்கள். வியாழக்கிழமை வந்த நான்கில் மூன்று ஃபோர் வீல் டிரைவ்.

‘ஆல் சீசன்’ என்று பெயர் இருக்கிறதே என்பார்கள். எங்களுக்குள் அதை மூன்று பருவ ரயர் என்றுதான் சொல்வோம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் அதன் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சேறும் பனியும் என்று பொருள்படும் ‘எம்+எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது போதாது. முத்திரை இருந்தாலும் ரயர் தேய்ந்து அதன் பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் பனியில் அதை நம்பாதீர்கள்.

அன்று காலை ரயர் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று சிலர் பதறிக்கொண்டு வந்தார்கள். ஓட்டை எதுவும் இல்லை. ஐந்தாறு பாகை குளிர்ந்தால் ரயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ அலகு இறங்கும். ஒரே இரவில் 19 பாகை இறங்கியிருந்தது. காற்றடித்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். பிரேக் மிதி காலுக்கடியில் அதிர்கிறது, பழுதாகிவிட்டது என்று வந்த அம்மாவுக்கும் அதே பதில்தான்: அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், தன் வேலையைச் செய்கிறது. அதிரும்போது காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

ரயர் மாற்றுவதற்குப் பகல் வெயிலைப் பார்க்காதீர்கள். அதிகாலை வெப்பநிலை தொடர்ந்து 7 பாகைக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்கால ரயரைக் கட்டாயமாக்கும் கியூபெக் மாகாணச் சட்டமே மார்ச் 15உடன் முடிகிறது என்று என்னிடம் வாதாடாதீர்கள். வானம் சட்டம் படிப்பதில்லை. குளிர்கால ரயருக்காகக் காப்புறுதியில் கழிவு பெறுகிறீர்களா? எந்த மாதம் வரை பூட்டியிருக்க வேண்டும் என்று பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி கழுவும் குளிர்கால நீலத் திரவத்தைத் தீர்த்துவிட்டுக் கோடைக்கானதை இப்போதே ஊற்றாதீர்கள். பூச்சியம் பாகையை ஒட்டி உறையும் திரவம் ஓடும்போதே கண்ணாடியை மறைத்துவிடும். பனி துடைக்கும் தூரிகை காரிலேயே கிடக்கட்டும். ரயர் மாற்றி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை முறுக்கிப் பார்க்க வாருங்கள். பணம் கேட்கமாட்டேன், ஆனாலும் பத்தில் ஒருவர்தான் வருகிறார்.

அதிகாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகும் அக்காமார், அண்ணன்மாரிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாலங்களும் வெளியேறும் வளைவுகளும் அடியிலும் காற்றுப் படுவதால் மற்றச் சாலையைவிட முன்னதாக உறையும். தார் கறுப்பாக மினுங்கினால் ஈரம் என்று எண்ணாதீர்கள். கால் மணி நேரம் பிந்திப் போனால் மேலாளர் ஏசுவார், ஏசட்டும்.

அந்த ஃபோர் வீல் டிரைவ் தம்பி நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டார். குளிர்கால ரயரை மறுபடி பூட்ட வேண்டுமா, இனிமேல் பனி வராதுதானே என்று கேட்டார். ரிம் இன்னும் வந்து சேரவில்லை, மூன்று சக்கரத்துக்கு எதைப் பூட்டுவது என்றேன்.