சமத்தாகத் தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள்

"பிறந்ததிலிருந்து எங்களைத் தொந்தரவே செய்ததில்லை, அவ்வளவு சமத்து" என்று சொல்லித்தான் அந்தத் தாய் தம் ஐந்து நாள் குழந்தையை என் கையில் கொடுத்தார். டயப்பரில் செங்கல் நிறத்தில் ஒரு கறை இருந்ததாகவும், அது இரத்தமோ என்று பயந்து வந்ததாகவும் கூறினார். சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தேன். வாயில் ஈரமே இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது, மஞ்சள் நிறம் முகம், மார்பு, வயிறு எல்லாம் கடந்து தொடை வரை இறங்கியிருந்தது. பிறந்தபோது 3,100 கிராம் இருந்த குழந்தைக்கு எடை இயந்திரம் 2,650 கிராம் காட்டியது. குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தபோதும் முகத்தை ஒருமுறை சுளித்ததோடு சரி, அழவில்லை. முந்தைய இரவு ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் தூங்கியதாம்.

அந்தக் கறை இரத்தம் அல்ல. சிறுநீர் மிகவும் செறிவடையும்போது படியும் யூரேட் படிகங்கள். முதல் ஓரிரு நாட்களில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நான்காம், ஐந்தாம் நாளிலும் தென்பட்டால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கறை கண்ணில் பட்டதால் இந்தக் குழந்தை பிழைத்தது. இதே நிலையில் குழந்தைகளை ஏந்திக்கொண்டு வருபவர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டேன். அனைவரும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "பசித்தால் தானாக அழும் என்று நினைத்தோம்."

இந்த எண்ணம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. பசியின் முதல் அறிகுறி அழுகை அல்ல. குழந்தை தலையைத் திருப்பித் தேடும், வாயைத் திறந்து திறந்து மூடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். இவை எதையும் யாரும் கவனிக்காதபோதுதான் கடைசியாக அழும். அழுவதற்கும் உடலில் தெம்பு வேண்டும். பால் போதாமல் சோர்ந்த குழந்தை முதலில் நிறுத்துவது அழுகையைத்தான். கடும் காய்ச்சலில் கிடக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் சாப்பாடே கேட்கவில்லை என்றால் "பாவம், பசி இல்லை போலும்" என்று யாரும் நிம்மதியாக இருப்பதில்லை. ஐந்து நாள் குழந்தை கேட்காமல் கிடந்தால் மட்டும் வயிறு நிறைந்திருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். வயிறு நிறைந்து தூங்கும் குழந்தையைத் தூக்கினால் கைகால்களை மடக்கும், முனகும், எழுப்பினால் எழும். சோர்ந்து தூங்கும் குழந்தையோ கையில் துவண்டு கிடக்கும், மார்பில் வைத்தால் நான்கு முறை சப்பிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே தூக்கமாகத்தான் தெரிகின்றன.

மஞ்சள் காமாலை சேர்ந்துகொண்டால் நிலைமை விரைவில் மோசமாகும். உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமி பெரும்பாலும் மலத்தின் வழியாகவே வெளியேறுகிறது. குழந்தை குடிக்காவிட்டால் மலம் போகாது, மலம் போகாவிட்டால் மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறினால் தூக்கம் கூடும், தூக்கம் கூடினால் இன்னும் குடிக்காது. அளவு மீறிய பிலிருபின் மூளையைத் தாக்கினால் அந்தப் பாதிப்பை மாற்ற முடியாது. காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருந்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். மருத்துவமனையில் குழந்தையை நீல விளக்கொளியில் வைத்து மஞ்சளைக் குறைக்கும் ஒளிச்சிகிச்சைக்கு வெயில் மாற்று அல்ல. கருமையான தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது என்பதால் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. பிறந்த எடையைக் குழந்தை மீண்டும் எட்டும் வரை, பெரும்பாலும் முதல் பத்துப் பதினான்கு நாட்கள், நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் எழுப்புங்கள். துணிகளைக் களைந்து, டயப்பரை மாற்றி, தாயின் வெறும் மார்போடு அணைத்து, உள்ளங்காலையும் முதுகையும் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலான குழந்தைகள் விழித்துக்கொள்ளும். தயவுசெய்து முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். வாயில் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள். அது வயிற்றை அடைக்குமே தவிர பாலின் வேலையைச் செய்யாது. 35, 36 வாரங்களில் பிறந்த குழந்தைகள் பார்ப்பதற்கு நிறைமாதக் குழந்தை போலவே இருந்தாலும் விரைவில் களைத்துவிடுகின்றன. அவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை.

பால் போதுகிறதா என்பதை டயப்பரில் எண்ணித் தெரிந்துகொள்ளலாம். முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இருமுறை என்று கூடிவந்து, ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும். கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்த மலம் அதற்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். எடை சற்றுக் குறைவது இயல்புதான் என்றாலும், பத்து விழுக்காடு குறைந்துவிட்டால் அதை இயல்பு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நாங்களும் வீட்டுக்கு அனுப்பும் நேரத்தின் பரபரப்பில் தாளைக் கையில் திணித்துவிட்டு இந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதை மன வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

எழுப்பியும் எழாத குழந்தை, இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காத குழந்தை, பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரியும் குழந்தை, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளான குழந்தை, தொட்டால் சில்லிட்டிருக்கும் அல்லது சுடும் குழந்தை, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தை: இவர்களில் யாரையும் விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசவித்த உடலோடு இரவெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையைத் தாயின் தலையில் கட்டாதீர்கள். அலாரத்தை உங்கள் தலைமாட்டில் வையுங்கள். குழந்தையை எழுப்பித் துணி மாற்றித் தாயிடம் கொடுப்பதும், டயப்பர் கணக்கை ஒரு தாளில் எழுதுவதும் உங்களால் முடியும். மறுநாள் எங்களிடம் வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.