கிழியும் முன்பே போட வேண்டிய தையல்

ஆல்ட்டரேஷனுக்கு வரும் ஜீன்ஸ்கள் பெரும்பாலும் முட்டியில் ஓட்டை விழுந்து, பிசிர் தொங்கிய பிறகுதான் வருகின்றன. இப்போது கூடவே போனில் ஒரு படமும் வருகிறது: "இந்த ஜப்பான் தையல் போட்டுத் தர முடியுமா?" நீலத் துணியில் வெள்ளை நூலால் நட்சத்திரமும் அலையும். சஷிகோ. பார்க்க அழகுதான். ஆனால் கிழிந்த பிறகு போடுவதைவிட, துணி நைய ஆரம்பிக்கும்போதே போட்டால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.

அது வந்த இடத்தைப் பார்த்தால் இது புரியும். ஜப்பானின் வடபகுதியில் குளிர் அதிகம், பருத்தி விளையாது. இன்றைய அவோமோரி மாநிலத்தின் மேற்குப் பாதியான சுகாருவில், விவசாயிகள் பருத்தி ஆடை உடுத்த 1724இல் ஆட்சியாளர்கள் தடையே போட்டார்கள். கிடைத்தது சணல் வகை நார்த்துணி. இழைகளுக்கு நடுவே காற்று புகும். பெண்கள் அந்த இடைவெளிகளைப் பருத்தி நூலால் அடைத்துத் தைத்தார்கள். குளிரும் தடுக்கப்பட்டது, சுமை தூக்கும் தோளில் துணியும் உறுதிப்பட்டது. சஷிகோவின் இந்த வகைக்குக் கோகின் என்று பெயர். 1891இல் ரயில் அவோமோரி வரை வந்து, பருத்தி எளிதாகக் கிடைத்த பிறகு இந்த வேலை மெல்ல மங்கியது. எடோ நகர (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்களும் பல அடுக்குத் துணியை இப்படித் தைத்து, தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டுதான் நெருப்புக்குள் போனார்கள்.

சரி, உங்கள் பேண்ட்டுக்கு வருவோம். முட்டிப் பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட வெளிச்சம் அதிகம் தெரிந்தால் தைக்கும் நேரம் வந்துவிட்டது. உட்புறம் வைக்கும் ஒட்டுத்துணியை ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட்டு, நைந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் வருமாறு வெட்டுங்கள். அது ஜீன்ஸைவிடக் கனமாக இருக்கக் கூடாது. கனத்தால் அதன் ஓரத்திலேயே பழைய துணி கிழியும். தையல் வரிசைகளை ஒரே கோட்டில் முடிக்காதீர்கள். முடித்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே பிய்ந்து வரும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். சஷிகோ நூல் கிடைக்காவிட்டால் எம்ப்ராய்டரி கடையில் 8ஆம் நம்பர் பேர்ல் காட்டன் கேளுங்கள். பாலியஸ்டர் நூல் வேண்டாம். அது அறாது, நைந்த துணியைத்தான் அறுக்கும்.

நீள ஊசியில் துணியை மடிப்பு மடிப்பாகக் கோத்து, நாலைந்து தையலை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். அப்புறம் தைத்த வரியை விரலால் நீவி நூலைத் தளர்த்துங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், துணி சுருக்கிக்கொள்கிறது. வரி திரும்பும் இடத்தில் பின்பக்கம் சின்ன வளையமாக நூலைத் தளர விடுவதும் இதற்குத்தான். தையல் முன்பக்கம் சற்று நீளமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் விழட்டும். 3:2 என்பது வழக்கமான அளவு. கொஞ்சம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது.

முதலில் நேர்கோடுகள் போதும், நட்சத்திரமெல்லாம் பிறகு. தொடை இடுக்கில் எப்போதும் நெருக்கமான நேர்கோடுகள்தான். அங்கே டிசைன் யார் கண்ணில் படப்போகிறது? லைக்ரா கலந்த ஜீன்ஸ், பனியன் துணி இரண்டுக்கும் இது சரிப்படாது. துணி இழுபடும், தையல் இழுபடாது. உட்கார்ந்து எழும்போது நூல் அறுந்துவிடும்.