டிக்கெட்டில் இருப்பது எந்த ஊர் நேரம்?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி: "தம்பி, காலையில 10 மணிக்கு ஏறினா 11.20-க்குச் சென்னையில இறக்கி விட்டுடுறானே, ஒன்றரை மணி நேரத்துக்கு எதுக்குச் சாப்பாட்டுக் காசு?"

புறப்படும் நேரம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் இந்திய நேரம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் ஓடுகிறது. ஆக, அப்படிக் கேட்பவர் விமானத்தில் இருக்கப்போவது நான்கு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. "இரண்டு மணிதானே வித்தியாசம்?" என்று கேட்கும் பெரியவர்களும் சொல்வது பொய்யல்ல, முன்பு அப்படித்தான் இருந்தது; 1982 ஜனவரி முதல் தேதிதான் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. 4,100 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம், ஆனால் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வகுத்தால் மூன்று மணிதான் வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வளைந்து போகும் வழி எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட் நேரம். திருச்சி கொஞ்சம் கூடுதல் தூரம், 2,700-ஐ ஒட்டி வரும். புதுக்கோட்டைப் பக்கம் சொந்தம் இருப்பவர் மலிவு என்று சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் இடுப்பை உடைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கடலை விடுங்கள், நம்மை ஏமாற்றுவது ரோடு. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விமான நிலையம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ரோடு காலியாக இருந்தாலும் மூன்றரை மணி நேரம் பிடிக்கும், அதாவது கிட்டத்தட்ட கடல் தாண்டும் நேரம்தான். பெருநாள் சமயம் தாப்பா, தஞ்சோங் மாலிம் பக்கம் மாட்டினால் சொல்லவே வேண்டாம். 10 மணி விமானத்துக்கு விடியற்காலை 3 மணிக்கே கிளம்பிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கவுண்டரை மூடிவிடுவார்கள். டெர்மினல் ஒன்றா இரண்டா என்பதைக் கார் ஓட்டுபவரிடம் எழுதியே கொடுங்கள்.

அப்புறம், நள்ளிரவு டிக்கெட். ஒரு குடும்பம் 'சனிக்கிழமை 00.20' என்பதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டியது. விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. அதனால் இப்படிப்பட்ட டிக்கெட்டில் "வெள்ளி ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். விமானத்தைத் தவறவிட்டால் அன்றைக்கே டிக்கெட் எடுத்த இடத்துக்குப் போன் பண்ணுங்கள். போகும் பயணம் தவறினால் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்யும் விமான நிறுவனங்கள் உண்டு.