ட்ரேஸ் லாகில் இடைவெளியைப் படியுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை டிபக்கரில் நிறுத்திவைத்து ஆராய முடியாது. அதை நம்பியிருக்கும் எல்லாமும் சேர்ந்து நின்றுவிடும். எர்ரர் லாகோ விழுந்த இடத்தை மட்டும் சொல்லும். விழுவதற்கு முன் நிரல் எந்தெந்தப் படியில் கால் வைத்தது, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டுவது ட்ரேஸ் லாக்.

ஒவ்வொரு வரியிலும் மில்லிசெகண்ட் வரை நேரம், த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) எண், கோரிக்கை எண், நடந்த செயல் ஆகியவை இருக்கவேண்டும். கோரிக்கை எண் இல்லாத ட்ரேஸ் கலைந்துபோன சீட்டுக்கட்டுதான். ஒரே சமயத்தில் 200 கோரிக்கைகள் ஓடும்போது எந்த வரி எதனுடையது என்று பிரிக்கவே முடியாது. எண்ணைக் கொண்டு ஒரு கோரிக்கையை மட்டும் வடிகட்டினால் இப்படிக் கிடைக்கும்:

10:42:07.118 த்ரெட்-14 கோரிக்கை-7310 ஆர்டர் சரிபார்ப்பு முடிந்தது
10:42:07.119 த்ரெட்-14 கோரிக்கை-7310 டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கேட்கிறது
10:42:37.121 த்ரெட்-14 கோரிக்கை-7310 கனெக்‌ஷன் கிடைக்கவில்லை

இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் 30 செகண்ட். பலரும் டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) திருத்தப் போவார்கள். ஆனால் க்வெரி ஓடத் தொடங்கவே இல்லை. ஜாவாவில் பரவலாகப் புழங்கும் ஹிகாரி கனெக்‌ஷன் பூலில் (திறந்துவைத்த கனெக்‌ஷன்களை மாற்றி மாற்றிக் கொடுக்கும் தொகுப்பு), நாம் எதையும் மாற்றாவிட்டால் 10 கனெக்‌ஷன்கள், காத்திருப்பு 30 செகண்ட். பெரும்பாலும் பத்தும் வெளியே போய்த் திரும்பவில்லை என்பதே இதன் பொருள். இனி பூலிலிருந்து கனெக்‌ஷனை 'எடுத்தது', 'திருப்பியது' என்று சொல்லும் வரிகளை ஜோடி சேர்த்துப் பாருங்கள். ஜோடியில்லாத வரி எந்த ஃபங்ஷனிலிருந்து வந்ததோ, அங்கே பெரும்பாலும் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) எழும் வழியில் கனெக்‌ஷனை மூட மறந்திருப்பார்கள்.

இடைவெளி எப்போதும் ஒரே எண்ணாக வந்தால் முதலில் டைம்அவுட்டை (காத்திருப்பின் வரம்பை) சந்தேகியுங்கள். லினக்ஸில் 5 செகண்ட் என்றால் பெரும்பாலும் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் சர்வர் பதில் தரவில்லை. சரியாக 1 செகண்ட் கூடினால், இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டிருக்கலாம். சுமார் 40 மில்லிசெகண்ட் என்றால், சிறு பாக்கெட்டுகளைப் பிடித்துவைக்கும் நேகல் முறையும் பாக்கெட் வந்ததற்குத் தாமதமாக ஒப்புகை தரும் முறையும் ஒன்றுக்கொன்று காத்திருக்கக்கூடும். எண் ஒவ்வொரு முறையும் மாறினால்தான் ஒரே பூட்டுக்காக (lock) த்ரெட்கள் போடும் போட்டியோ உண்மையான வேலைப்பளுவோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

லாக் வரியே எழுதப்படாத இடத்தில் ஸ்ட்ரேஸ் என்ற லினக்ஸ் கருவி உதவும். ஓடும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்தால், அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் காட்டும். ஒவ்வொரு அழைப்பிலும் நுழையும்போது ஒருமுறை, வெளிவரும்போது ஒருமுறை ப்ராசஸை நிறுத்துவதால் வேகம் வெகுவாகக் குறையும். சில செகண்டுகளில் எடுத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

ட்ரேஸே ஏமாற்றும் இடங்களும் உண்டு. லாகின் கடைசி வரியைப் பார்த்து 'இங்கேதான் செத்தது' என்று முடிவு கட்டுவது ஆபத்து. ஸ்டாண்டர்ட் அவுட்புட் ஃபைலுக்குப் போகும்போது, சி லைப்ரரி வரிகளை பஃபரில் (மெமரியின் தற்காலிக இடத்தில்) சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். ப்ராசஸ் திடீரென்று விழுந்தால் பஃபரில் இருந்தவை போய்விடும். கெர்னலிடம் ஒப்படைத்தவை மட்டுமே பிழைக்கும். ஆகவே, சந்தேகமான பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது பஃபரில் இருப்பதை உடனே எழுதச் செய்யுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் இருக்கிறது. லாக் எழுதும் நேரமே த்ரெட்களின் ஓட்டத்தை மாற்றி, ரேஸ் கண்டிஷனை (த்ரெட்கள் ஓடும் வரிசை மாறினால் வரும் பிழையை) மறைத்துவிடக்கூடும். ட்ரேஸைப் போட்டதும் பிழை காணாமல் போனால் அது சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் மெமரியில் தனி ரிங் பஃபர் (நிறைந்ததும் பழையவற்றின் மேல் எழுதும் பஃபர்) வைத்து, பிழை வந்ததும் கடைசிச் சில ஆயிரம் வரிகளை மட்டும் டிஸ்க்கில் இறக்குவது நல்ல வழி. டிஸ்க்குக்காகவும் பொதுப் பூட்டுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் குறுக்கீடு மிகவும் குறைவு.

ட்ரேஸை மொத்த மென்பொருளுக்கும் திறக்காமல், சந்தேகமான மாட்யூலுக்கு மட்டும் சில நிமிடம் திறந்து மூடுங்கள். அப்படியும் டிஸ்க் நிறைந்துவிட்டால் லாக் ஃபைலை அழிக்காதீர்கள்: ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை லினக்ஸ் இடத்தைத் திருப்பித் தராது. நீளத்தைப் பூஜ்யமாக்குங்கள், அப்பெண்ட் முறையில் (கடைசியில் சேர்த்து எழுதும் முறை) திறந்த ஃபைல் என்றால் எழுத்து மறுபடி தொடக்கத்திலிருந்து வரும்.